நாம் பேசாத இன்னொரு போர்டு

புதுச்சேரியில் மே மாதம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைகிற பெற்றோரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது 'எந்த போர்டு?' என்பதுதான். கேள்விக்குக் காரணம் உண்டு. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன; 2025-இல் முதல் அணி மாணவர்கள் அந்த வாரியத்தின் 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை எழுதினார்கள். அதற்கு முன்பும் புதுச்சேரிக்கெனத் தனியாகத் தேர்வு வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தையும், மாகே கேரள வாரியத்தையும், ஏனாம் ஆந்திர வாரியத்தையும் சார்ந்திருந்தன. ஒரே இயக்ககத்தின் கீழ் மூன்று மாநிலங்களின் வினாத்தாள்கள் புழங்கிய ஊரில் 'போர்டு' என்ற சொல் தேர்வை மட்டுமே குறிப்பதாகச் சுருங்கிப்போனதில் வியப்பில்லை.

ஆனால் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் கடலூரில் வயது முதிர்ந்தவர்களிடம் பேசினால் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் கிடைக்கும். 'நான் போர்டு ஹைஸ்கூல்ல படிச்சவன்' என்று அவர்கள் சொல்லும்போது அந்த போர்டு ஜில்லா போர்டு. 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தல வாரியச் (லோக்கல் போர்டு) சட்டத்தின் கீழ் உருவாகி, சாலை, மருத்துவமனை, சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிகளையும் நடத்திய தென்னார்க்காடு மாவட்ட வாரியத்தைத்தான் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1920-இல் இரட்டை ஆட்சி முறையில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான அ. சுப்பராயலு ரெட்டியார் இந்த மாவட்டத்து உள்ளாட்சியிலிருந்து மேலே வந்தவர். பள்ளி எங்கே கட்டுவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், யார் கண்காணிப்பது என்பவற்றைத் தீர்மானித்த போர்டு அது. வினாத்தாள் தயாரிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. 1950-களின் இறுதியில் பஞ்சாயத்து முறை சீரமைக்கப்பட்டு ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டபின் அந்தப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாயின. பெயர்ப்பலகை மாறியபோது அந்தச் சொல்லின் பழைய பொருளும் மெல்ல மறைந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பழைய பொருளிலான போர்டைப் பற்றியது: நகரத்துப் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எது முதலில் என்று முடிவு செய்யும் அமைப்பு புதுச்சேரியில் எது, அது எதை முதலில் வைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இத்தகைய அமைப்பு பிற நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்களை உருவாக்கியது. பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாத அந்தக் காலத்திலேயே அவற்றில் போட்டியிட முடிந்தது. 1902-இல் அவை கலைக்கப்பட்டுப் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் சென்றது. அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்களில் பள்ளி வாரியத்துக்கு மக்களே வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்கிறார்கள். அந்த உறுப்பினர்கள் பாடம் நடத்துவதில்லை. தலைமையாசிரியரின் அன்றாட வேலையில் தலையிடுவதும் அவர்களுடைய பணியன்று. கல்விக் கண்காணிப்பாளர் ஒருவரை நியமிப்பது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது, இலக்குகளை வகுப்பது, அவை நிறைவேறினவா என்று அந்தக் கண்காணிப்பாளரிடம் கணக்குக் கேட்பது ஆகிய நான்குமே அவர்களுடைய முதன்மையான கடமைகள். இலக்கு வகுப்பவரும் அதை நிறைவேற்றுபவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி.

அச்சாணி இருந்தும் வண்டி தடம் மாறியதுண்டு. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளி வாரியம் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்றத் தீர்மானம் நிறைவேற்றியது. பெயர்களைப் பற்றிய வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் எப்போது வகுப்பறைக்குத் திரும்புவார்கள் என்று காத்திருந்த பெற்றோருக்கு அந்த வரிசை பொறுக்கவில்லை. தீர்மானம் பிறகு கைவிடப்பட்டபோதிலும், இதனாலும் வேறு சில காரணங்களாலும் 2022 பிப்ரவரியில் ஏழு உறுப்பினர்களில் மூவரை வாக்காளர்கள் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். முன்னுரிமையைத் தவறவிட்ட வாரியத்தைத் தண்டிக்க அந்த ஊரில் ஒரு வழி இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பலாம்.

நகரப் பள்ளி வாரியம் இந்தியாவுக்குப் புதிய சரக்கு அன்று. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் தொடக்கக் கல்விச் சட்டத்தின் வழியில் அகமதாபாத் மாநகராட்சிக்கு இன்றும் தனிப் பள்ளி வாரியம் இருக்கிறது. சென்னையில் 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. அத்திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனாலும், 1956-இல் காமராசர் ஆட்சியிலும் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் மாநிலம் முழுவதற்கும் விரிந்த திட்டங்களுக்கு முன்னோடியாக அமைந்தது ஒரு நகர மன்றத்தின் தீர்மானம்தான். தன் தெருப் பிள்ளைகள் பசியோடு வருவதை முதலில் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது நகராட்சி என்பதே காரணம்.

புதுச்சேரிக்கு இந்த மரபு வாய்க்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் கொம்யூன்கள் எனப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு மேர் என்ற நகரத் தலைவர் இருந்தார், நகர மன்றம் இருந்தது. 1954-இல் அதிகாரம் கைமாறியபின் பள்ளிகள் நேரே ஆட்சித் துறையின் கைக்கு வந்தன. இன்று அண்ணா நகரில் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டுக் கல்வி வளாகத்தில் அமர்ந்திருக்கும் பள்ளிக் கல்வி இயக்ககமே ஆசிரியரை நியமிக்கிறது, மாற்றுகிறது, பாடத்திட்டத்தைத் தேர்கிறது, திட்டங்களை நடத்துகிறது, அவை எப்படி நடந்தன என்று அறிக்கையும் எழுதுகிறது. வங்கக் கரையில் காரைக்கால், கோதாவரிக் கழிமுகத்தில் ஏனாம், கேரளக் கரையில் மாகே என்று சிதறிக் கிடக்கும் ஆட்சிப்பரப்புக்கு ஒரே இயக்ககம் இருப்பதில் வசதியும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் காலையில் பால் வழங்கப்பட்டு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள்ஒதுக்கீடும் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய நிர்வாகம் மனம் வைத்தால் விரைந்து செயல்பட முடியும் என்பதற்கு இவை சான்று. ஆயினும் இலக்கு வகுக்கும் மேசையும் நிறைவேற்றும் மேசையும் மதிப்பெண் போடும் மேசையும் ஒன்றாகவே இருக்கும்போது, எந்த இலக்கு விட்டுப்போனது என்று கேட்பதற்கு எதிரே ஒரு நாற்காலி இல்லாமல் போகிறது.

அந்த நாற்காலிக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் படித்தால், அது ஏறக்குறைய ஒரு பள்ளி வாரியத்தின் பணிப்பட்டியலாகவே இருக்கிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிப்பது, அவர்களுடைய சேர்க்கையையும் வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதிசெய்து கண்காணிப்பது, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது, பள்ளிகளின் செயல்பாட்டை மேற்பார்ப்பது, கல்வி நாட்காட்டியை முடிவு செய்வது ஆகிய அனைத்தும் 'உள்ளாட்சி அமைப்பின்' கடமைகளாக அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் உரிமை குறித்த புகாரையும் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சியிடமே எழுத்தில் கொடுக்க வேண்டும்; மூன்று மாதங்களுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். அதே நேரத்தில் சட்டத்தின் வரையறைப் பகுதி, பள்ளியின் மீது நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள வேறெந்த அமைப்பையும் உள்ளாட்சி என்று கொள்ள இடம் விட்டிருக்கிறது. அந்த இடுக்கின் வழியாக, கண்காணிக்கப்பட வேண்டிய துறையே கண்காணிப்பாளராகவும் ஆகிவிட முடிகிறது.

அரசமைப்புச் சட்டமும் நகரத்தின் பக்கம் அவ்வளவு தாராளமாக இல்லை. 73-ஆவது திருத்தம் தந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 'தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி' என்று வெளிப்படையாக இருக்கிறது. 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குத் தந்த பன்னிரண்டாவது அட்டவணையிலோ 'பண்பாடு, கல்வி, அழகியல் கூறுகளை வளர்த்தல்' என்ற மங்கலான ஒரு வரிதான். பள்ளி என்ற சொல்லே அதில் இல்லை. பூங்காவில் சிலை வைப்பதும் அந்த வரியில் அடங்கிவிடும்!

இவற்றுக்கெல்லாம் மேலாக, புதுச்சேரியில் அந்த மங்கலான அதிகாரத்தைக் கையில் எடுக்கக்கூடிய மன்றமே இப்போது இல்லை. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும், இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளுக்கிடையே நடைபெறாமல் போனது. புதுச்சேரி நகராட்சியும் உழவர்கரை நகராட்சியும் ஆணையர்களைக் கொண்டே இயங்குகின்றன. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத தெருவில் பள்ளிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பெற்றோர் நேரே எம்.எல்.ஏ.வைத்தான் பார்க்கிறார்கள். காரைக்கால், மாகே, ஏனாம் அனைத்தையும் சேர்த்தே தொகுதிகள் 30 என்பதால் எம்.எல்.ஏ. எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறார், பெரும்பாலும் குரல் கொடுக்கவும் செய்கிறார். ஆனால் அவர் கேட்பது தன் தொகுதிப் பள்ளிக்காக. அடுத்த தொகுதிப் பள்ளியோடு ஒப்பிட்டு எது அவசரம் என்று முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

மீதி இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இது அமைய வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எஞ்சிய இடங்களில் உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. புதுச்சேரியில் அந்த உள்ளாட்சிப் பங்குக்கு உரியவர்கள் இல்லை என்பதை மேலே சொன்னேன். அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை சொல்லும் அளவில் நின்றுவிடும் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துவிட்டது.

நானும் ஒரு பெற்றோராக இரண்டாண்டு இத்தகைய குழு ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கூட்டங்களின் மினிட் புத்தகத்தைப் புரட்டினால் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவறைத் தாழ்ப்பாள், விளையாட்டுத் திடலில் புகும் மாடுகள் ஆகியவை மாறி மாறி வரும். ஒரு முறைகூட, இங்கே ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லோரும் வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்களா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அக்கறையில்லாமல் அல்ல. எங்களால் தொடக்கூடியது தாழ்ப்பாள். ஆகவே தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினோம்.

எவ்வளவு தொட முடியும் என்பதற்குத் தொகையும் ஓர் அளவுகோல். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 31 முதல் 100 பேர் வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 240 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாதம் ஏறக்குறைய 4,200 ரூபாய் என்றால், சாக்பீஸ், பினாயில், பழுதான மின்விசிறி ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். ஆசிரியர் சம்பளம், புதிய கட்டடம், இடமாற்றம் என்று பள்ளியின் விதியைத் தீர்மானிக்கிற எந்தச் செலவும் முடிவும் அந்த மேசைக்கு வருவதேயில்லை.

கடலூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அல்ல. 1866-இல் நகராட்சியாகி 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த அந்த ஊரில் 45 வார்டுகளுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற இயக்கத்தோடு மேலாண்மைக் குழுக்களைப் புதுப்பித்து, 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்ட குழுக்களாக மறுபடி அமைத்தது. ஆகவே மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ ஒரு தாய் குழுவில் எழுப்பும் கேள்வி, அங்கே உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் வழியாக மாமன்றத்தின் காதுக்குப் போக ஒரு பாதையாவது இருக்கிறது. இருப்பினும் ஆசிரியர் பணியிடமும் பாடத்திட்டமும் சென்னையிலேயே முடிவாகின்றன. ஜில்லா போர்டு வகித்த இடம் அங்கும் வெற்றிடம்தான். 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம் என்று அடிவாங்கிய ஊரில் ஒவ்வொரு பேரிடரின்போதும் பள்ளிக் கட்டடங்களே மக்களுக்கு அடைக்கலம். எந்தப் பள்ளியில் முகாம் திறப்பது, எதை வகுப்புக்கு விட்டுவைப்பது, பாதிக்கப்பட்ட குப்பத்துப் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்பவற்றைத் தனித்தனிக் குழுக்கள் முடிவு செய்ய இயலாது. ஊர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்க்கிறவர்தான் செய்ய முடியும்.

இந்த 'ஒரே வரைபடம்' என்பதுதான் என் வாதத்தின் மையம். புதுச்சேரியில் நகர அளவிலான கல்விக் குழு ஒன்று நாளையே அமைந்தால் அது எடுத்துக்கொள்ள வேண்டியவை, தனிப்பள்ளிக் குழுவின் கண்ணுக்குத் தெரியாதவையும் இயக்ககத்தின் உயரத்திலிருந்து பார்த்தால் புள்ளியாகச் சிறுத்துவிடுபவையும்தாம். பிள்ளை பள்ளி மாறும் கட்டங்கள் அவற்றில் முதலாவது. நம் நகரத்தில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று படிகள் பிரிந்து கிடக்கின்றன. வம்பாகீரப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறிய நாளிலேயே அந்தப் பிள்ளை அப்பள்ளிக் குழுவின் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது; அடுத்த பள்ளியின் குழுவுக்கோ, வந்து சேராத பிள்ளையைப் பற்றித் தெரிய வழியில்லை. இரண்டு பதிவேடுகளுக்கும் இடையில் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் மீனவக் குப்பத்துப் பையன்களும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படும் பெண்பிள்ளைகளும், மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும்தாம். கணினிப் பதிவேடு இந்த இடைவெளியை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கதவைத் தட்டுவது அந்தத் தெருவைத் தெரிந்தவரின் வேலை.

அடுத்து, மக்கள்தொகை நகர்ந்திருக்கும் திசை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் ஏறக்குறைய 2.44 லட்சம் பேர், உழவர்கரை நகராட்சியில் 3 லட்சம் பேர். வாய்க்காலுக்கு இருபுறமும் உள்ள பழைய நகரத்தில் வீடுகள் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறுகின்றன. குடும்பங்கள் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை என்று மேற்கிலும் வடக்கிலும் குடியேறுகின்றன. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. பஞ்சாலையும் சுதேசி, பாரதி ஆலைகளும் 2020-இல் மூடப்பட்டபின், ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளை நம்பியிருந்த வட்டாரங்களின் பள்ளிகளுக்கும் அடிப்படை மாறிவிட்டது. பழைய நகரத்தில் காற்றோட்டமான பெரிய கட்டடத்தில் சில பிள்ளைகளும் புறநகரில் நெருக்கடியான வகுப்பறையில் பல பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் நிலையைச் சரிசெய்ய, ஒரு பள்ளியை இன்னொன்றோடு இணைக்கவோ புதிதாக ஒன்றைத் திறக்கவோ வேண்டியிருக்கும். தன் பள்ளியை மூடச் சொல்லி எந்த மேலாண்மைக் குழுவும் தீர்மானம் போடாது, போடவும் கூடாது. இயக்ககம் உத்தரவாகப் போட்டால் மறியல் வரும். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், இடையில் எந்தப் பெருஞ்சாலையைக் கடக்கும் என்று பெற்றோரின் முன்னிலையில் பேசித் தீர்க்கும் இடம்தான் இல்லை.

ஆசிரியர் விவகாரத்தை விரிக்க வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது, அந்தக் கணக்கைப் பள்ளிவாரியாக ஆண்டுக்கு இருமுறை பொதுவில் ஒட்டிவைத்தாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். காரைக்காலுக்கோ மாகேவுக்கோ அனுப்பப்பட்ட ஆசிரியர் எப்போது திரும்புவார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

வாசிப்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடத்திட்ட மாற்றம் மேல் வகுப்புகளின் மீது எல்லோருடைய கவனத்தையும் குவித்துவிட்டது. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு வெளியாகும் நாளில் அதைத் தவிர வேறெதுவும் பேசப்படுவதில்லை. மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதை 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2026-27-க்கான இலக்காக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சான பாடநூலோடு பத்தாம் வகுப்பில் திணறும் பிள்ளையின் சிக்கல் பத்தாம் வகுப்பில் தொடங்கியதன்று. வீட்டில் பேசும் தமிழிலேயே மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க வராதபோது தொடங்கியது. நகரக் கல்விக் குழு ஒன்றுக்கு ஆண்டில் ஒரே ஒரு கேள்வி கேட்கும் உரிமைதான் உண்டு என்றால், உங்கள் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதையே அது கேட்க வேண்டும் என்பேன். திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு) எத்தனை பொருத்தப்பட்டது என்பது இயக்ககமே தானாக முன்வந்து சொல்லிவிடும் கணக்கு.

இதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இருக்கிறது. தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை: மேலாண்மைக் குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு பெற்றோரை அனுப்ப, இரு நகராட்சி ஆணையர்களும் இயக்குநரும் அவர்கள் எதிரே உட்கார, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்த ஓர் அரசாணை போதும். முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளைக் கொண்டுவரச் சொல்லலாம். நகரத்தில் சென்ற கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயர்கள் இடப்பக்கத்திலும், அடுத்து அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பள்ளிகளின் பெயர்கள் வலப்பக்கத்திலும் எழுதப்பட்ட தாள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகளிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.